எனக்கு வந்த ஒரே கை

மதுரை காளவாசலில், என் வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு பல் வைத்தியருக்குப் போர்டு எழுதிக் கொடுத்தேன். எழுத்தோடு தன் உருவத்தையும் போடச் சொல்லியிருந்தார். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, வழுக்கை எல்லாம் அச்சாக வந்துவிட்டன. போர்டை மாட்டிய மறுநாள் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, டாக்டரு பல்லப் புடுங்குவாரா, வரம் குடுப்பாரா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். வைத்தியரின் வலது கை மார்புக்கு நேராக உயர்ந்து, உள்ளங்கை ரோட்டைப் பார்த்து, விரல்கள் ஒட்டினாற்போல் நின்று, பஸ்ஸில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அபயம் கொடுத்துக்கொண்டிருந்தது. போட்டவன் நான்தான். போடும்போது எனக்கு அது தெரியவில்லை.

படம் போட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நானும் ஏதாவது ஓர் ஆபீஸில் ஒட்டிக்கொள்வேன் என்று கடைசிவரை நம்பினார். வீட்டில் ஜவுளிக்கடை, மளிகைக்கடை காலண்டர்கள் நிறையத் தொங்கும். வருஷம் முடிந்ததும் அவற்றைக் கழற்றி, சாமி படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய தாளில் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைவேன். பத்து வயதில் ஆரம்பித்தது. முகத்தைப் பின்னால் மனிதர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் மூக்கையும் தாடையையும் வரைந்து வரைந்து முகம் எனக்கு வசப்பட்டது. கை மட்டும் காலண்டரிலேயே நின்றுவிட்டது. வேலும் தாமரையும் பிடித்த கைகள் சின்னதாக, மசி கலங்கி, ஒன்றும் புரியாமல் இருக்கும். தெளிவாகத் தெரிவது முன்னால் நீட்டிய அபயக் கை ஒன்றுதான். அதை எத்தனை நூறு முறை போட்டிருப்பேனோ, கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னாலும் போடுவேன். வேறு எந்தக் கை போட உட்கார்ந்தாலும் ஒன்று விளங்காமல் போகும், அல்லது தானாக அந்தக் கையாகிவிடும்.

அதனால் கையை மறைக்கக் கற்றுக்கொண்டேன். அந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை. துண்டு, பூக்கூடை, குடை, விரித்த பேப்பர் என்று எதையாவது முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவேன். பகலில் போர்டு எழுதுவதோடு, ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் கதைகளுக்கும் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நடத்தியவர் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். என் கதாநாயகர்கள் எல்லோரும் பாக்கெட்டுக்குள் கைவிட்டு நிற்பார்கள். கதாநாயகிகளின் கை முந்தானைக்குள் இருக்கும். வாத்தியார் ஒருநாள் சித்திரை வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்து, மதுரையில் உங்கள் ஆட்களுக்கு மட்டும் ஏன் தம்பி எப்போதும் குளிருகிறது என்று கேட்டார். நானும் சிரித்துவைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் வீட்டார் திருமங்கலம் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு ஊரில் விவசாயக் குடும்பம். சுற்றிவளைத்து உறவுதான். மாமியாருக்கு என்னைப் பிடித்திருந்தது. மாமனாருக்குப் பிடிக்கவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். படம் போடுவது ஒரு வேலையா என்று ஒரே ஒரு முறை கேட்டாராம், அதற்கு யாரும் பதில் சொல்லாததால் விட்டுவிட்டாராம். தாலி கட்டி முடித்து நாங்கள் இரண்டு பேரும் அவர் காலில் விழுந்தபோது, எல்லோரும் செய்வதுபோல் கையை உயர்த்தி நல்லா இருங்க என்று அவர் சொல்லவில்லை. "சரி சரி, எந்திரிங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலும் பின்வரிசையில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்றார். தலை மட்டும்தான் தெரியும்.

முதல் வருஷம் நெல் அறுப்புக்கு மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். நெல் மூட்டையை வண்டியில் ஏற்ற ஒரு கை குறைகிறது என்று கூப்பிட்டார்கள். நானும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போய், மூட்டையோடு சேர்ந்து கீழே விழுந்தேன். பின்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளே மாமனார் மாமியாரிடம் சொல்வது காதில் விழுந்தது. "கையாலாகாத பயலுக்குக் கட்டிக் குடுத்துட்டமே." மூட்டைக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருந்தது. அவருக்கு என் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, இருந்தும் சரியாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கோபம்கூட வரவில்லை.

கல்யாணமான மூன்றாம் வருஷம், அவருக்கு முடியவில்லை என்று ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி உடனே கிளம்பலாம் என்றாள். நான் அப்போதுதான் பத்திரிகைக்கு அட்டைப்படம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த முதல் அட்டைப்படம். ஒரு பெண் இரண்டு கையாலும் அகல்விளக்கை ஏந்தி நிற்க வேண்டும், கையை மறைக்கக் கூடாது என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முகம் ஒரே நாளில் முடிந்தது. கைக்கு மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கு முடிந்துவிடும், சேர்ந்தே போகலாம் என்றேன். உடம்பு சரியில்லாத அப்பனைப் பார்க்கப் புருஷன் இல்லாமல் போனால் ஊர் பேசும் என்று அவளும் பொறுத்தாள். மறுநாளும் அதையே சொன்னேன். அவள் துணிப்பையில் சேலைகளை எடுத்து வைத்து, பையைக் கதவோரம் வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் தந்தி வந்தது. விளக்கேந்திய கைகள் அப்போதும் முடிந்திருக்கவில்லை.

நாங்கள் போகும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்கள். மாமியார் மகளைக் கட்டிக்கொண்டு அழுதபோது சொன்னார்: "ரெண்டு நாளா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாகடி." அதை அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் என் மனைவி திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்கு இறந்தவரின் படத்தை வைத்து மாலை போட்டுத் திறப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவருக்கு என்று தனியாக ஒரு போட்டோகூடக் கிடையாது. என் மனைவி கருமாதிவரை ஊரிலேயே இருப்பதாக ஏற்பாடு. நான் மதுரைக்குக் கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள். கல்யாண போட்டோவை என்னிடம் கொடுத்து, அய்யாவைப் பெரிதாக, உட்கார்ந்த மாதிரி போட்டுத்தரச் சொன்னாள். பிறகு, "கையோட போடுங்க. துண்டப் போட்டு மூடிறாதீக. எங்கய்யாவுக்குப் பேச்சு வராது. எல்லாம் கைதான்" என்றாள்.

அது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் மதுரைக்குக் கிளம்பும்போது அவர் இதே இடம்வரை வருவார். போய்ட்டு வா என்று சொல்லமாட்டார். பஸ் ஜன்னல் கம்பியில், மகளின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு நிற்பார். டிரைவர் வண்டியை எடுத்த பிறகுதான் கை நகரும். நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ முறை பார்த்த கை. ஆனால் அது எப்படி இருந்தது என்று யோசித்தால் கம்பிதான் ஞாபகம் வந்தது.

இந்தப் படத்தையாவது ஒழுங்காகப் போட்டுக் கொடுத்துவிட்டால் அவள் முகத்தில் விழிக்கலாம் என்று நினைத்தேன். அந்த இரண்டு நாளை என்னால் திருப்பித் தர முடியாது, அவள் அப்பாவையாவது தருகிறேன் என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன். போட்டோவில் கட்டைவிரல் நகம் அளவு இருந்த முகத்தில் கட்டம் போட்டு, ஹார்ட்போர்டில் பெரிதாக்கினேன். நாலாம் நாள் அவர் வந்துவிட்டார். நெற்றிச் சுருக்கம், பேச விருப்பமில்லாத உதடு, பாதி மூடிய இடது கண் எல்லாம் அப்படியே. நான் அதுவரை போட்ட முகங்களில் அதுதான் நல்ல முகம். டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "பெரியவரு இப்ப ஏதோ திட்டப் போறாரு அண்ணே" என்றார்.

பிறகு கை. நாற்காலிக் கையின்மேல் வைத்தாற்போல் போட்டேன், கத்தரிக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டர்பண்டைன் தொட்டுத் துடைத்தேன். முழங்காலின்மேல் வைத்தேன், வாழைப்பழச் சீப்பு. துடைத்தேன். என் கையையே கண்ணாடியில் பார்த்துப் போட்டேன். அது பிரஷ் பிடிக்கிற சொங்கிக் கை, அந்த உடம்புக்கு ஒட்டவில்லை. டீக்கடைக்காரரைக் கையை மேஜைமேல் வைக்கச் சொன்னேன். அவர் கடையில் பால் பொங்கிவிடும் என்று ஓடிவிட்டார். துடைத்துத் துடைத்து அந்த இடத்தில் போர்டே பஞ்சுபோல் ஆகிவிட்டது. பதிமூன்றாம் நாள் ஆயிற்று. இதற்குமேல் தள்ளினால் பெயிண்ட் காயாது.

அன்று பத்து நாள் தோற்றதில் புத்தி மரத்துப்போயிருந்தது. இடது கையைத் துண்டுக்குள் விட்டுவிட்டேன், ஒரு கையாவது வரட்டும் என்று. பிரஷை எடுத்து வலது கையை ஆரம்பித்தேன். எதையும் யோசிக்கவில்லை. பிரஷ் தானாகப் போயிற்று. பத்து நிமிஷத்தில் கை முடிந்துவிட்டது. ஒரு விரல் கோணவில்லை, நகம்கூடச் சரியாக உட்கார்ந்தது. தள்ளி நின்று பார்த்தேன். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மார்புக்கு நேராக உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டி ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார்.

அதைத் துடைக்க எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. கருமாதிக் கூட்டத்தில் யார் கையைப் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். என் மனைவியின் அண்ணன் படத்தைப் பிரித்து நாற்காலியில் வைத்து மாலை போட்டார். முகத்தைப் பார்த்ததும் பெண்கள் பக்கம் அழுகை எழுந்தது. பிறகு அந்த அழுகை பாதியில் நின்றது. யாரோ ஒருவர் அடித்தொண்டையில், மாமா இப்படியெல்லாம் கையைக் காட்டமாட்டாரே என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று நாங்கள் காலில் விழுந்தபோது பக்கத்தில் நின்றவர் அவர்தான்.

"ஏன் மாப்ள, எங்கய்யா உசிரோட இருக்கயில உங்களுக்குக் குடுக்காதத, செத்தப்பறம் நீங்களா எடுத்துக்கிட்டீகளாக்கும்?"

அப்படி ஒரு எண்ணம் சத்தியமாக என் மனதில் இல்லை. எனக்கு வேறு கை வராது மச்சான், காலண்டர் பார்த்துப் பழகினவன், இந்த ஒரு கைதான் வரும் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே பொய்யாகக் கேட்டது. இம்புட்டு தத்ரூபமாக முகத்தைப் போட்ட மனிதனுக்கு ஒரு கையைப் போடத் தெரியாதா என்று பின்னாலிருந்து கேட்டார்கள். முகம் நன்றாக வந்திருந்ததுதான் எனக்கு எமனாகிவிட்டது. வஞ்சகன் என்று பெயர் எடுப்பதா, கையாலாகாதவன் என்று பெயர் எடுப்பதா என்று ஆகிவிட்டது. நான் இரண்டாவதை ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர்கள்தான் தருவதாக இல்லை. மாமியார் மூலையில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மச்சான் படத்தைத் திரும்பப் பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்து, சரி பண்ணிக் கொண்டுவாருங்கள் என்றார்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நீயும் நம்பவில்லையா என்று கேட்டேன். "நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும். அதான் கஷ்டமா இருக்கு" என்றாள். வேண்டுமென்று செய்திருந்தால் என்னோடு சண்டையாவது போட்டிருப்பாள் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், சமையல் வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து மேஜைமேல் வலது கையை வைத்தாள். "எனக்கு எங்கய்யா கைன்னு ஆத்தா சொல்லும். பாத்துப் போடுங்க" என்றாள். பார்த்தேன். முட்டி தடித்த விரல்கள். கட்டைவிரல் குட்டை, நகம் அகலம். சுண்டுவிரல் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. பஸ் ஜன்னல் கம்பியில் இருந்தது இதேதான், எனக்கு இப்போது ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக எனக்குச் சோறு போட்ட கை. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் மத்தியானங்களில் அவள் அப்படி உட்கார்ந்தாள். நான் தாளில் வரைந்து பார்த்தேன், வரைந்து கிழித்தேன். இத்தனைக்கும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிவது பென்சிலுக்கு வருவதற்குள் எங்கோ காணாமல் போகிறது. ஒருநாள் பாதி விரல் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபமில்லை, அலுத்துவிட்டது. "விடுங்க. அந்தக் கைய மட்டும் அழிச்சிருங்க, அது எங்கய்யா இல்ல" என்றாள். நான் உயர்ந்த கையை முழுக்க மூடி, தோளிலிருந்து மடிவரைக்கும் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டேன். துண்டு நன்றாக வந்தது. எனக்குத் துண்டு எப்போதும் நன்றாக வரும்.

அடுத்த மாதம் படத்தைக் கொண்டுபோனோம். மச்சான் வயலுக்குப் போயிருந்தார். மாமியார்தான் பேப்பரைப் பிரித்தார். படத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் துண்டைத் தடவினார், அதைத் தூக்கிப் பார்க்க முடியுமா என்பதுபோல. என் மனைவி தண்ணீர்ச் செம்போடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"கை எங்க மாப்ள?"

எல்லோருக்கும் சங்கடமாக இருந்ததால் அழித்துவிட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்னிடமோ மகளிடமோ இல்லாமல் படத்திடம் பேசுகிறவர்போல் சொன்னார்.

"முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துனேன். ஒருநா எம் பக்கம் கையத் தூக்கி நல்லாருன்னு சொன்னதில்ல. அன்னைக்குத்தான் சொன்னாக. மாலைக்குள்ள இருந்து என்னையவே பாத்துச் சொன்னாக. எல்லாரும் ஒண்ணொண்ணு பேசுனாக, நான் வாயத் தொறக்கல. இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "திரும்பப் போட வருமா மாப்ள?"

வாழ்நாளில் என்னிடம் என்னென்னவோ கைகள் கேட்டிருக்கிறார்கள். விளக்கேந்திய கை, பல் பிடுங்கும் கை, நாற்காலியில் வைத்த கை. ஒன்றுகூட என்னால் கொடுக்க முடியவில்லை. என்னால் முடிந்த ஒரே கையைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். பத்து நிமிஷ வேலை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. செம்பைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்தேன். அந்த முட்டி தடித்த விரல்கள் செம்பின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தன. அவள் அப்பாவை ஒருமுறை அவளிடமிருந்து எடுத்தாயிற்று. இரண்டாவது முறை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

"எனக்குக் கை வராது அத்தை" என்றேன்.

அந்த வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. பொய்யாகச் சொன்னது அன்றைக்கு ஒரு முறைதான். மாமியார் உடனே நம்பிவிட்டார். "சரி விடுங்க, அவுகளும் உங்களுக்குக் கையாலாகாதுன்னுதான் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டு, படத்தை மாட்ட ஆணி தேடப் போனார்.